சைரன் அடிக்கவே இல்லை: ஒரு புதுக் காரும் ஒன்பது மாதத் திருட்டுத் தடுப்பும்

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் விடியற்காலை மூன்றேகால் மணி வாக்கில், என் தங்கை வீட்டு வாசலில் நின்றிருந்த காரின் கதவை இரண்டு பேர் திறந்தார்கள். கண்ணாடி உடையவில்லை, பூட்டை யாரும் நெம்பவில்லை, அலாரம் ஒரு சத்தமும் போடவில்லை. ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான், எஞ்சின் ஓடியது, ரிவர்ஸ் போட்டதும் அணைந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி அணைந்தது. அப்புறம் கிளவ் பாக்ஸைக் குடைந்து ஒரு கூலிங் கிளாஸையும் போன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்வீட்டு கேமராவில் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

கார் வாங்கி அப்போது ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் திருட்டுத் தடுப்பு என்ற பெயரில் எதையெல்லாம் மாட்டினோம், எதைக் கழற்றினோம், எங்கே ஏமாந்தோம், கடைசியில் எது காரைக் காப்பாற்றியது, எது ஓட்டை விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன். "புதுக் காருக்கு எந்த அலாரம் போடலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் ஒரு பிராண்ட் பெயரை எதிர்பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அலாரத்திலிருந்து தொடங்கியதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

கார் வந்த நாள்

புஷ் ஸ்டார்ட், கீலெஸ் கார். சாவி பாக்கெட்டில் இருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும். சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்ப விடாத கம்பெனி இம்மொபிலைசர் உண்டு. பூட்டிய பிறகு கதவு, பானெட், டிக்கி எதையாவது திறந்தால் ஹாரன் அடிக்கும் சாதாரண அலாரமும் உண்டு. வண்டிக்குள் அசைவைக் கவனிக்கும் சென்சாரோ, வண்டி சாய்வதைக் கவனிக்கும் சென்சாரோ கிடையாது. ஷெட் இல்லை, தெருவோரம்தான் நிறுத்தம், வீட்டு முன்கதவிலிருந்து நாலு மீட்டர். இந்த நாலு மீட்டர் பின்னால் முக்கியமாகும்.

டெலிவரி எடுக்கப் போன அன்று ஷோரூமில் ஒரு செக்யூரிட்டி பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். தங்கை கணவர் அங்கிருந்தே எனக்கு போன் செய்தார்.

"மச்சான், அலாரம் ஒண்ணு சொல்றாங்க. ஷாக் சென்சார், உள்ளே அல்ட்ராசோனிக், தனி சைரன் எல்லாம் இருக்காம். அரை மணி நேரத்துல மாட்டித் தந்துடுவாங்களாம். போட்டுடலாமா?"

நான் வேறு வேலையில் இருந்தேன். "போடுங்க மாப்பிள்ளை, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். அதனால் தப்பில் பாதி என்னுடையது. அரை மணி நேரத்தில் மாட்டித் தருகிறார்கள் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இருபத்துமூன்று தடவை

மூன்றாவது நாள் ராத்திரி முதல் தடவை அடித்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன, இரண்டு பேர் கீழேயே இறங்கி வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரத்தில் ஜன்னல் மட்டும் திறந்தது. நாலாவது வாரத்தில் அதுவும் இல்லை. ஆறாவது வாரம் மாடியிலிருந்து ஒருவர், "அந்தச் சனியனை முதல்ல கழட்டுங்க சார்" என்று கத்தினார், நியாயம்தான்.

என் தங்கை எதையும் எழுதி வைக்கிற ஆள். அந்த ஆறு வாரத்தில் அலாரம் அடித்த நேரத்தையும் காரணத்தையும் பழைய நோட்டு ஒன்றில் குறித்து வைத்திருந்தாள். மொத்தம் 23. கனரக லாரி பக்கத்தில் போனபோது 9 தடவை. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி விட்டிருந்தபோது 6. மழைக்கு மறுநாள் பானெட் சுவிட்சில் ஈரம் ஏறி 3. காரணம் தெரியாமல் 5. திருடனுக்காக ஒன்றுகூட இல்லை.

லாரிக்கும் கண்ணாடிக்கும் விளக்கம் எளிது. ஷாக் சென்சாருக்குள் இருப்பது அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு சின்ன வில்லை, அதன் உணர்திறனை ஒரு திருகில் கூட்டிக் குறைக்கலாம். மாட்டியவர் அதைத் தொடவே இல்லை, உச்சத்தில் விட்டிருந்தார். அல்ட்ராசோனிக் சென்சார் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே பரப்பி, திரும்பி வரும் எதிரொலி மாறுகிறதா என்று பார்க்கும். கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்து காற்று சுழன்றாலோ, கண்ணாடியில் தொங்கும் பொம்மை ஆடினாலோ, ஒரு வண்டு உள்ளே பறந்தாலோ அதற்கு ஆள் நடமாடுவது போலத்தான் தெரியும். மேற்கூரை திறக்கிற கார்களுக்கு அல்ட்ராசோனிக் ஒத்துவராது, மைக்ரோவேவ் சென்சார்தான் போடுவார்கள், காரணம் இதேதான். சென்சார் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றையும் வண்டி நிற்கும் இடத்துக்குத் தக்கபடி ஒருவர் உட்கார்ந்து அளவு வைக்க வேண்டும், அரை மணி நேர வேலையில் அது நடக்காது.

பன்னிரண்டு நாள் கழித்து

குடும்பத்தோடு வெளியூர் போய் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினால் கார் கிளம்பவில்லை. டிக் டிக் என்று ரிலே சத்தம் மட்டும். நாலு மாத பேட்டரி. ஷோரூமில் கேட்டதற்கு "அடிக்கடி ஓட்டணும் சார்" என்றார்கள். அதை நம்பாமல் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

இந்த அளவீட்டை எப்படி எடுத்தோம் என்று சொல்லிவிடுகிறேன், பலர் இதில் சறுக்குகிறார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தால், கார் விழித்துக்கொண்டிருக்கும், தப்பான எண் காட்டும். ஸ்க்ரூடிரைவரால் பானெட் கொக்கியை அமுக்கி, மூடிவிட்டது என்று காரை ஏமாற்றிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். அதன் பிறகு வரும் எண்தான் உண்மை. எங்களுக்கு வந்தது 95 மில்லி ஆம்பியர். அலாரத்தின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி காத்திருந்து பார்த்தால் 22.

தூங்கும் காருக்கு 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதுதான் பொதுவாக ஏற்கத்தக்கது. 95 என்றால் ஒரு நாளைக்கு 2.28 ஆம்பியர் மணி, பன்னிரண்டு நாளில் 27க்கு மேல். இந்த வண்டியின் பேட்டரியே 45தான். பாதிக்கு மேல் போன பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுழற்றத் திணறும். அலாரம் இல்லாமல் இருந்திருந்தால் அதே பன்னிரண்டு நாளில் 6.3 மட்டும் போயிருக்கும்.

தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்து டேஷ்போர்டுக்குக் கீழே பிரித்தோம். ஹார்னெஸ் என்கிற கம்பெனி வயர் கட்டில் ஐந்து இடத்தில் இன்சுலேஷனைச் சுரண்டி, வயரை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஒரு டேப் ஏற்கெனவே பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒன்றும் பேசவில்லை, அந்த டேப்பை மட்டும் விரலால் தள்ளிக் காட்டினார். அந்தக் கட்டுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர் போகிறது. எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டிய இடங்களைச் சாலிடர் வைத்து மூடினோம். அலாரம் பெட்டிக்குப் போனது.

திருட்டைத் துண்டு துண்டாகப் பார்த்தபோது

இந்தத் தடவை கடைக்குப் போகவில்லை, முதலில் உட்கார்ந்து யோசித்தோம். ஒரு காரைத் திருட வேண்டுமானால் உள்ளே நுழைய வேண்டும், கிளப்ப வேண்டும், ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அப்புறம் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைக்க வேண்டும். சந்தையில் விற்கும் ஒவ்வொரு பொருளும் இதில் ஏதோ ஒரு கட்டத்தை மட்டும்தான் தொடும். அலாரம் நுழைவதை ஊருக்குச் சொல்லும், இம்மொபிலைசர் கிளப்புவதைத் தடுக்கும், ஸ்டீரிங் லாக் ஓட்டுவதைத் தடுக்கும், டிராக்கர் ஒளிப்பதைக் கெடுக்கும். நாங்கள் கொடுத்த காசு முழுக்க முதல் கட்டத்துக்குப் போயிருந்தது. அதுவும் காரைத் தடுக்க இல்லை, சத்தம் போட.

கிளப்புகிற கட்டத்தைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம், கனடாவில் 2007 செப்டம்பர் முதல். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லாததால், அங்கே விற்ற பல ஹூண்டாய், கியா மாடல்களில் அதைப் போடாமலே விட்டார்கள். 2021, 2022ல் சாவித்துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பெயர்த்து, ஒரு யூஎஸ்பி கேபிளின் முனையை வைத்துத் திருகி ஓட்டிக்கொண்டு போகும் வீடியோக்கள் பரவின. 2023 பிப்ரவரியில் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச சாஃப்ட்வேர் திருத்தம் வருவதாக அறிவித்தது. அந்தத் திருத்தம் இரண்டு வேலை செய்தது. அலாரம் அடிக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து ஒரு நிமிடமாக்கியது, சாவி இல்லாமல் கிளம்பாதபடியும் செய்தது. அந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

சரி, எங்கள் காரில்தான் கம்பெனி இம்மொபிலைசர் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று மாப்பிள்ளை கேட்டார். கவலை கீலெஸ்தான்.

கைப்பிடியைத் தொட்டதும் கார், சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய குரலில் "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்கும். அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. சாவி அதைக் கேட்டால் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் உரக்கப் பதில் சொல்லும், அது பல மீட்டர் தூரம் கேட்கும். குரல் எட்டுகிறது என்றால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது, தூரத்தை அது அளப்பதில்லை. திருடர்கள் செய்வது இவ்வளவுதான்: ஒருவன் காரின் பக்கத்தில், இன்னொருவன் வீட்டுக் கதவின் பக்கத்தில் ஆன்டெனாவோடு. காரின் மெல்லிய குரலை அங்கே கொண்டுபோய் உரக்கச் சொன்னால், வீட்டுக்குள் தொங்கும் சாவி நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடும். ரகசிய எண் எதையும் உடைக்கவில்லை, உண்மையான சாவியே உண்மையான பதிலைத் தருகிறது. சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011லேயே 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள், பத்தும் திறந்தன, பத்தும் கிளம்பின.

இங்கேதான் எனக்குப் பொட்டில் அறைந்தது போல் இருந்தது. உண்மையான சாவி வந்துவிட்டது என்று கார் நம்பினால் கதவைத் திறக்கும், கூடவே அலாரத்தையும் அணைத்துவிடும். சென்ட்ரல் லாக் வயரோடு இணைத்து வெளியே மாட்டிய அலாரமும் அப்படியே, எங்கள் ஷோரூம் பெட்டியும் அந்த வகைதான். லாரிக்கு ஒன்பது தடவை அடித்தது இந்தத் திருடனுக்கு ஒரு தடவைகூட அடித்திருக்காது.

ரகசிய எண்ணை உடைத்த கதைகளும் உண்டு. 40 பிட் நீள எண் கொண்ட ஒரு சாவி சிப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகமும் 2005ல் உடைத்தன. பதின்மூன்று வருடம் கழித்து 2018ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லா மாடல் எஸ் சாவியை நகலெடுத்துக் காட்டியபோது உள்ளே இருந்தது அதே 40 பிட் முறை. புதுக் கார் என்பதால் உள்ளே இருக்கும் பூட்டும் புதுசு என்று அர்த்தமில்லை. அதே வருடம் டெஸ்லா, திரையில் எண் அழுத்தினால்தான் ஓட்ட முடியும் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எங்களுக்கு என்ன வேண்டும் என்று பிடிபட்டது: சாவியோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு கேள்வி.

என்ன போட்டோம்

காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற இரட்டை வயரில் ஒட்டிக்கொள்ளும் தனி இம்மொபிலைசர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இதற்கு ரிமோட் இல்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. ஸ்டீரிங்கிலும் கதவிலும் ஏற்கெனவே இருக்கும் பட்டன்களை நாம் வைத்த வரிசையில் அழுத்தினால்தான் வண்டி நகரும். அழுத்தாமல் கியரை மாற்றினால் எஞ்சின் அணையும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நடுவழியில் அணைக்காது என்பதை மட்டும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன், காலி மைதானத்தில் ஓட்டியும் பார்த்தேன். பெட்ரோல் பம்ப் வயரில் ரகசிய சுவிட்ச் வைக்கிற பழைய வழியும் உண்டு, மலிவும்கூட, ஆனால் அது கைதவறிப் போய் வேகத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வேறு வழிகளில் வருபவனுக்கும் இதுதான் குறுக்கே நிற்கும். கோளாறு பார்க்க மெக்கானிக் கருவி செருகுகிற, ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகி, புதுச் சாவியைப் பதிவு செய்துகொள்ளும் திருட்டு இருக்கிறது. ஹெட்லைட் வழியாக வருவதும் இருக்கிறது. 2022ல் லண்டனில் ஈயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா ராவ்4ன் முன்பக்கத்தை யாரோ இரண்டு முறை பெயர்த்துவிட்டுப் போனார்கள். வெட்டி விஷமம் என்றுதான் தோன்றியது. இரண்டாவது முறை நடந்த ஓரிரு நாளில் கார் போனது. அவரும் கென் டிண்டெல் என்பவரும் ஆராய்ந்து 2023ல் விவரத்தை வெளியிட்டார்கள்: ஹெட்லைட் வயரில் கேன் பஸ் ஓடுகிறது, அங்கே ஒரு கருவியை ஒட்டி "சாவி சரிதான்" என்ற பொய்ச் செய்தியை அனுப்பினால் கார் நம்பிவிடும். அந்தக் கருவி ஒரு புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் இருந்தது. காருக்குள் பேசுகிற எல்லோரையும் எல்லோரும் நம்பும் காலத்தில் வடிவமைத்த ஏற்பாடு அது, 1980களின் நடுவில். பம்பர் பக்கம் காரணமில்லாமல் பெயர்ந்திருந்தால் சும்மா விட்டுவிடாதீர்கள்.

டிராக்கரும் ஒன்று வைத்தோம், சொந்த பேட்டரி உள்ளது. ஜிபிஎஸ்ஸும் சிம்மும் உள்ள டிராக்கரைச் சிக்னலை அடைக்கும் சின்ன ஜாமர் ஒன்று ஊமையாக்கிவிடும், தரைக்கடியில் நிறுத்தினாலும் அப்படித்தான். அது தெரிந்துதான் வைத்தோம். கார் போனபின் தேட உதவுகிற பொருள் அது, போகாமல் தடுக்காது. தொலைந்த பொருளை போனில் தேட உதவும் ஏர்டேக் போன்றதை ஒளித்து வைக்கலாமே என்று தங்கை கேட்டாள். யாரோ நம்மைப் பின்தொடர்கிறார்களா என்று எச்சரிக்கிற வசதி இப்போது போன்களில் இருக்கிறதே, திருடனின் போனுக்கும் அந்த எச்சரிக்கை போகும் என்றேன். "சும்மாவா சொன்னாங்க, திருடனுக்கும் நல்லது பண்ணணும்னு" என்றாள்.

மஞ்சள் நிற ஸ்டீரிங் லாக் ஒன்றும் வாங்கினோம். தூரத்திலிருந்தே தெரியும் என்பதுதான் அதன் பலம், பக்கத்து வண்டி சுலபம் என்று திருடன் நகர்ந்துவிடுவான். இரண்டு வாரம் மாப்பிள்ளை ஒழுங்காகப் போட்டார். மூன்றாவது வாரம் ராத்திரி மட்டும் போட்டார். அப்புறம் அது பின் சீட்டுக்கடியில் உருள ஆரம்பித்தது, பிரேக் அடிக்கும்போதெல்லாம் டங்கென்று ஒரு சத்தம். சம்பவ இரவிலும் அங்கேதான் கிடந்தது.

சாவிக்கு, ரேடியோ சிக்னலை உள்ளேயும் வெளியேயும் விடாத ஃபாரடே பை. இதில் ஒரு சோதனை செய்தோம், எல்லோரும் செய்யலாம். சாவியைப் பைக்குள் போட்டு, பையைக் கையில் பிடித்தபடி கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும். திறக்கக் கூடாது. வீட்டிலிருந்த தகர டப்பா ஒன்றில் போட்டுத் தொட்டபோது பளிச்சென்று திறந்துகொண்டது, மூடி சரியாக உட்காராத டப்பா. பையில் போட்டபோது திறக்கவில்லை. பையின் உள் உறை மடிப்பு விழுந்து விழுந்து கிழியும், அதனால் மாதம் ஒரு தடவை இந்தச் சோதனை என்று முடிவு. தங்கை நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

கூடவே வாழ்ந்தது

மூன்றாம் நாளே மாப்பிள்ளை பட்டன் வரிசையை மறந்துவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்க, எனக்கு போன் செய்தார். "மச்சான், வால்யூம் ரெண்டு தடவையா மூணு தடவையா?" அதன் பிறகு வரிசையைச் சுருக்கினோம். சர்வீஸுக்கு விட்டபோது, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வேலட் மோடில் போட மறந்ததால், வண்டி லிஃப்டுக்கு ஏறாமல் ஒரு மணி நேரம் நின்றது. தங்கைதான் போய் விடுவித்தாள். வரிசையை சர்வீஸ் ஆட்களிடம் சொல்லவில்லை, தானே அழுத்தி வேலட்டில் விட்டுவிட்டு வந்தாள், அதுதான் சரி. அவசரகால எண் எழுதிய அட்டை காருக்குள் இல்லை, வீட்டு லாக்கரில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லக் காரணம், இந்த வகைப் பூட்டு தினமும் நம் கையிலும் ஒரு வேலை வாங்கும். அதற்குத் தயாராக இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வாங்கும் முன் இன்சூரன்ஸுக்கும் வாரண்டிக்கும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்தோம். மாட்டியவர் நாலரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தூங்கும் மின்னோட்டம் மாட்டும் முன் 22 மில்லி ஆம்பியர், மாட்டிய பிறகு 31. இரண்டு எண்ணும் நோட்டில் இருக்கின்றன.

அந்த இரவு

கேமராவை நாலைந்து தடவை பார்த்தேன். ஒருவன் தோளில் பட்டையான பை ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டு முன்கதவோரம் போய் நிற்கிறான். பையைக் கதவோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக இடது பக்கம் நகர்த்துகிறான், ஏதோ சுவரில் எதையோ தேடுவது போல. ஒரு இடத்தில் நிற்கிறான். அதே நொடி காரின் இன்டிகேட்டர்கள் இரண்டு தடவை கண் சிமிட்டுகின்றன, மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் விரிகின்றன, முதலாளி வந்துவிட்டார் என்று வரவேற்பு.

மாப்பிள்ளையின் சாவி பைக்குள்தான் இருந்தது. காலையில் பையோடு போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை. அப்படியானால் எந்தச் சாவி பதில் சொன்னது என்று மூன்று பேரும் முழித்தோம். தங்கைதான் முதலில் முன்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு இடது பக்கம், உள்சுவரில், குடைக் கொக்கிக்குப் பக்கத்தில், கார் வாங்கிய நாளிலிருந்து ஸ்பேர் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், நடுவில் ஒரு செங்கல் சுவர் மட்டும். ஒரு சாவிக்குப் பை வாங்கி மாதாமாதம் சோதனை செய்த நாங்கள் மூன்று பேரும் இன்னொரு சாவியை ஒன்பது மாதமாகத் தினம் பார்த்துக்கொண்டு போய்வந்திருக்கிறோம்.

அவர்கள் ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் ஏன் அணைகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை என்பது படத்தில் தெரிகிறது. இரண்டாவது தடவை அணைந்ததும் உள்ளே இருந்தவன் வெளியே தலையை நீட்டி மற்றவனைப் பார்க்கிறான், அவன் பையைத் தூக்கிக் காட்டுகிறான், இன்னும் கிட்டே பிடிக்கவா என்பது போல. கோளாறு ஆன்டெனாவில் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு

ஸ்பேர் சாவி பையில் போய், அந்தப் பை இரும்பு பீரோவில் போனது. தூக்கிப் போட்டுவிடவும் முடியாது, கார் காணாமல் போனால் இன்சூரன்ஸ் இரண்டு சாவியையும் கேட்கும். பட்டன் வரிசையை மாற்றினோம், ஏனென்றால் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று இப்போது அவர்களுக்குத் தெரியும், அடுத்த தடவை லாரி கொண்டுவந்து தூக்கிப் போகலாம். அதற்காகச் சாய்வு சென்சார் ஒன்று மட்டும் சேர்த்தோம், ஷாக் சென்சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வண்டிக்கு அடியில் புகைக்குழாயில் இருக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரை அறுக்க ஜாக்கி வைத்துத் தூக்கினாலும் இது அடிக்கும். மூன்று மாதமாகிறது, பொய்யாக இதுவரை ஒரு தடவை.

ஸ்டீரிங் லாக்கை மறுபடி எடுத்திருக்கிறார் மாப்பிள்ளை. எத்தனை வாரம் என்று பார்க்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சம்பவத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காரின் கையேட்டை முதல் தடவையாக முழுசாகப் புரட்டினேன். ஸ்மார்ட் கீ அத்தியாயத்தின் கடைசியில், பேட்டரி மிச்சப்படுத்தும் குறிப்பு ஒன்றின் கீழே நாலு வரி: பூட்டும் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால், சாவி தூங்கிவிடும், கார் கேட்டாலும் பதில் சொல்லாது, ஏதாவது பட்டனை அழுத்தும் வரை. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு சாவியையும் எடுத்து அப்படியே செய்து, பையில்லாமல் கையில் வைத்துக்கொண்டு போய்க் கைப்பிடியைத் தொட்டாள். திறக்கவில்லை. "அண்ணா, இது டெலிவரி எடுத்த அன்னைக்கே இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நோட்டை எடுக்க உள்ளே போனாள்.